அக்கா தொடாத சொக்லேட்

உங்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். சிலர் மண்டபம் எடுத்துக் கொண்டாடியிருப்பீர்கள். சிலர் ஒருவருக்கும் சொல்லாமல் அன்றைக்கும் ஷிப்டுக்குப் போயிருப்பீர்கள். நானும் அப்படிப் போகிற ஆள்தான். ஆனால் என் ஐம்பதாவது பிறந்தநாளுக்காக ஒருவர் பதினொரு வயதிலிருந்தே காத்திருந்தார். அவர் என் அக்கா.

எனக்கு ஏழு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. பிழைக்கமாட்டேன் என்று வீட்டில் நினைத்தார்கள். அப்போது அக்கா சாமிப் படத்துக்கு முன்னால் நின்று ஒரு நேர்த்தி வைத்தார். தம்பிக்கு ஐம்பது வயது ஆகும்வரை நான் சொக்லேட் தொடமாட்டேன், அவனை எங்களுக்குத் தா என்று கேட்டார். நான் பிழைத்தேன். அக்கா அன்றிலிருந்து சொக்லேட் தொடவில்லை.

சென்ற கார்த்திகையில் எனக்கு ஐம்பது முடிந்தது. அக்கா லண்டனில் ரெய்னர்ஸ் லேனில் இருக்கிறார். நான் ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில், பேக்கரி ஒன்றின் பின்பக்கத்தில் தட்டுகள் கழுவுகிறேன். மூன்று நாள் லீவு எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் போனேன். அக்கா முதல் வாய் சொக்லேட் சாப்பிடுவதை நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். வேறு ஒரு ஆசையும் எனக்கு இருக்கவில்லை.

அந்த நாளைச் சொல்ல முதல், எனக்குக் காய்ச்சல் வந்த அந்த மாரிகாலத்தைச் சொல்ல வேண்டும்.

அந்த வருடம் மழை தொடங்குகிற நேரத்தில் அம்மாவின் தம்பி லண்டனில் இருந்து ஊருக்கு வந்தார். நாங்கள் அவரை லண்டன் மாமா என்போம். அவர் கொண்டுவந்த சாமான்களில் வட்டமான ஒரு தகரப் பெட்டியும் இருந்தது. மூடியில் ஒரு பாலமும் சிவப்பு பஸ்ஸும். அம்மா மூடியைக் கழற்றியபோது வந்த வாசனை எங்கள் வீட்டில் அதுவரை இருந்த எந்த வாசனையைப் போலவும் இருக்கவில்லை. அப்பா கூட எட்டிப் பார்த்தார். ஊதா, பச்சை, பொன் நிறத் தாள்களில் சுற்றிய சொக்லேட்டுகள் உள்ளே நிறைந்து கிடந்தன.

பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறியது. விளக்கு வைத்த பிறகு அம்மா கதிரையில் ஏறி இறக்குவா. ஆளுக்கு ஒன்று. யாராவது வந்தால் மூடியைத் திறந்து மணக்கக் கொடுப்பா. முக்கியமான ஆட்களுக்கு மட்டும் ஒன்று கையில் கிடைக்கும். அவர்கள் அதை அங்கே சாப்பிடமாட்டார்கள். சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போவார்கள்.

தாள்கள் இரண்டு வகை. உள்ளே வெள்ளித்தாள், வெளியே நிறத்தாள். அக்கா வெள்ளித்தாளை நகத்தின் பின்புறத்தால் தேய்த்து, சுருக்கம் இல்லாமல் செய்து, பாடப் புத்தகத்துக்குள் வைப்பார். நிறத்தாளைக் கண்ணில் பிடித்துப் பார்த்தால் வீடு முழுக்க ஊதாவாகும். தாளை மாற்றினால் அப்பா பச்சையாக நடந்து போவார். அந்தத் தாள்கள் எல்லாம் எங்கே போயின என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பெட்டியில் பிறகு அம்மா நூல்கட்டையும் ஊசியும் போட்டு வைத்திருந்தா. இடம்பெயர்ந்தபோது அதுவும் தொலைந்தது.

அக்கா சொக்லேட் சாப்பிடுகிற விதம் வீட்டில் ஒரு பகிடி. நான் கடித்து விழுங்கிவிடுவேன். அவர் நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் சாய்ந்து நிற்பார். கரைந்து முடியும்வரை கூப்பிட்டால் கேட்காது.

"எங்கை அவள்?" என்று அப்பா கேட்டால், "சொக்லேட்டுக்குள்ளை நிக்கிறாள், வரட்டும்" என்பா அம்மா.

அவ்வளவு விருப்பம் உள்ளவர், தன்னுடையதில் பாதியை எனக்குத் தந்துவிடுவார். பல்லால் கடித்து, பெரிய பாதி எது என்று பார்த்து, அதை என் வாயில் வைப்பார்.

அப்போதுதான் அந்த மழை. கிணறு வாய்மட்டும் நிரம்பியது. முற்றத்து வெள்ளமும் வாசலுக்கு முன்னால் ஓடுகிற ஒழுங்கை வெள்ளமும் ஒன்றாகக் கிணற்றுக்குள் போனது. எங்கள் ஒழுங்கையில் மற்றக் கிணறுகள் எல்லாம் உவர். எங்களுடையது மட்டும் நல்ல தண்ணீர். எல்லா வீட்டுக்காரரும் குடத்தோடு எங்களிடம்தான் வருவார்கள். அம்மாவுக்கு நகையைவிட அந்தக் கிணற்றில் பெருமை. அந்தக் காணியும் கிணறும் அக்காவுக்குச் சீதனம் என்று அவர் பிறந்த அன்றே பேசி வைத்துவிட்டார்கள்.

எனக்குக் காய்ச்சல் வந்தது. நாட்கணக்காக விடவேயில்லை. டொக்டர் மோட்டார் சைக்கிளில், சப்பாத்து முழுக்கச் சேற்றோடு வந்தார். வயிற்றை அமத்திப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். நெருப்புக் காய்ச்சல், டைபாயிட் என்றார்.

"தண்ணியைக் கொதிக்க வைச்சோ குடிக்கிறனீங்கள்?"

அப்பாவுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. "டொக்டர், இந்த ஒழுங்கையே எங்கடை கிணத்திலைதான் குடிக்குது."

"அப்ப ஒழுங்கைக்கே சொல்லுங்கோ, கொதிக்க வைச்சுக் குடிக்கச் சொல்லி" என்றுவிட்டு அவர் போனார்.

அவர் போனதும் அம்மா சொன்னா, "எத்தினை தலைமுறையாக் குடிச்ச தண்ணி. இப்ப வந்து எங்கடை கிணத்திலை பிழை எண்டுறார். உது அந்த இங்கிலீசுச் சாமான் செய்த வேலை. சரியான சூடு. சின்னக் குடல் தாங்குமே?"

பிறகு அக்காவைப் பார்த்து, "நீதானே உன்ரை பங்கையும் இவனுக்குத் தீத்தினனி" என்றா.

அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. ஆனால் அந்த ஒரு வசனம் வீட்டில் தங்கிவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். மிச்சச் சொக்லேட்டை அம்மா மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் இருந்த எருக்கிடங்கில் கொட்டினா. இந்த வயதில் எனக்கு விளங்குகிறது. கிணற்றில் பிழை என்றால் குடத்தோடு வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள். நாளைக்குச் சீதனம் பேசும்போதும் அது கதையாக வரும். சொக்லேட்டில் பிழை என்றால் பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று தலையைக் குனிந்துகொண்டு நிற்பதோடு காரியம் முடிந்துவிடும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பயந்துபோயிருந்தார்கள்.

அந்தக் கொட்டுகிற மழையில், ஒரு மத்தியானம், அக்கா குளித்த ஈரத்தோடு வந்து சாமி அறையில் நின்றார். பாயில் கிடந்த எனக்குக் கதவுக்குள்ளால் அவருடைய முதுகு தெரிந்தது. தலைமயிரில் இருந்து தண்ணீர் சொட்டியது. கையைத் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு உரத்த குரலில் சொன்னார். மழைச் சத்தத்தில் கடவுளுக்குக் கேட்காது என்று நினைத்தாரோ தெரியாது.

"பிள்ளையாரப்பா, தம்பி அப்பாவின்ரை வயசுக்கு வருமட்டும் அவனை வைச்சிரு. அதுமட்டும் நான் சொக்லேட் தொடமாட்டன். சத்தியம்."

அப்பாவுக்கு அப்போது ஐம்பது. ஒரு மனிதன் அதற்குமேல் கிழவனாக முடியும் என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அம்மா அடுப்படியில் இருந்து ஓடி வந்து அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதா. பிறகு அப்பாவிடம், "சின்னப்பிள்ளை. பொங்கலோடை மறந்துபோடுவாள்" என்று மெல்லச் சொன்னதும் எனக்குக் கேட்டது.

டொக்டர் தினமும் வந்தார். ஊசி போட்டார். தண்ணீரைத் தன் கண் முன்னால் கொதிக்க வைக்கச் சொல்லிக் கத்தினார். மழை விட்ட பிறகு நான் எழுந்து உட்கார்ந்தேன். ஊசியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, நேர்த்தியைப் பற்றித்தான் பேசினார்கள். படிப்பில் நான் பின்னுக்குப் போய், ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அது வேறு கதை.

பொங்கல் வந்து போனது. அக்கா மறக்கவில்லை.

கலியாணம் கட்டி அவர் லண்டனுக்கு வந்தார். அத்தானும் அவரும் மிச்சம் என்கிற பகுதியில் தெருமூலைக் கடை ஒன்று நடத்தினார்கள். அந்தக் கடைகளை நீங்கள் அறிவீர்கள். காசு வாங்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே சொக்லேட் தட்டு இருக்கும். இருபது வருடம் அக்கா அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றார். பெட்டி உடைத்து அடுக்கினார். பாடசாலை விட்டு வருகிற பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்தார். மகளின் பிறந்தநாட்களுக்குச் சொக்லேட் கேக் வெட்டி எல்லாருக்கும் தீத்திவிட்டு, விரலை நக்காமல் கடதாசியில் துடைத்தார். மகள் சின்ன வயதில் தன் அம்மாவுக்குச் சொக்லேட் ஒவ்வாமை என்று பாடசாலையில் சொல்லி வைத்திருந்தாளாம்.

அந்த மகள்தான், என் மருமகள்தான், இந்தமுறை எல்லாவற்றையும் ஒழுங்குசெய்தாள். ஒரு நாள் முழுக்க மத்திய லண்டனில் சொக்லேட் கடைகளாகப் பார்த்துக்கொண்டு போய், கடைசியாகச் சூடான சொக்லேட் குடிக்கிற கபே ஒன்றில் இருப்பது என்று திட்டம். பிறந்தநாள் காலையில் நான் எழும்ப முதலே அக்கா கோயிலுக்குப் போய் என் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்திருந்தார். என் நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு மூன்று பேரும் ரெயில் ஏறினோம்.

முதல் கடை கூரைக்குக் கண்ணாடி போட்ட ஒரு நீண்ட நடைபாதைக்குள் இருந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே கம்பளம் விரித்திருந்தது. மரப்பலகைச் சுவர், பித்தளை விளக்கு. கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு பெண் வெள்ளைக் கையுறையோடு நின்றாள். எங்கள் பேக்கரிக்குச் சொக்லேட் வாளியில் வரும். நான் அந்த வாளிகளைத்தான் கழுவுகிறேன். அதே சாமானுக்கு இப்படி ஒரு மாளிகை இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"வாடா உள்ளுக்கு. கண்ணாடியைத் துடைக்க வந்தவன் மாதிரி நிக்கிறாய்" என்று அக்கா கையைப் பிடித்து இழுத்தார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் சொக்லேட்டுகள் வரிசையாக இருந்தன. நகைக்கடை போலத்தான் இருந்தது, ஆனால் நகைக்கு இந்த வாசனை கிடையாது. ஒவ்வொன்றின் மேலும் சின்னச் சின்ன வேலைப்பாடு. ஒன்றின் தலையில் சீனியில் தோய்த்த ஊதாப் பூவிதழ் ஒன்று இருந்தது. கையுறைப் பெண் சின்ன இடுக்கியால் அதைத் தூக்கி என் உள்ளங்கையில் வைத்தாள். வாயில் போட்டேன். முதலில் பூ மணத்தது. பிறகு கசப்பு. பிறகு இரண்டும் சேர்ந்து வேறு ஏதோ ஆகியது. கையுறைப் பெண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

"பூவை ஏன் அம்மா சாப்பாட்டிலை வைக்கினம்?" என்று மருமகள் கேட்டாள்.

"நாங்கள் சாமிக்கு வைக்கிறம். இவையள் வயித்துக்கு வைக்கினம்" என்றார் அக்கா. கையுறைப் பெண் அவருக்கும் ஒன்று நீட்டினாள். அக்கா சிரித்துக்கொண்டு கையைக் கூப்பினார்.

"அம்மா, முடிஞ்சுதுதானே? இண்டைக்கு மாமாக்கு ஐம்பது."

"அவன் பின்னேரம்தான் பிறந்தவன். இன்னும் முடியேல்லை."

மருமகள் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். அக்கா தந்திரம் செய்கிறார் என்று நான் நினைக்கவில்லை. பின்னேரம்தான் பிறந்தேன் என்பது உண்மை. இத்தனை வருடம் காத்தவர் சில மணித்தியாலம் காக்கட்டும் என்று விட்டேன்.

இரண்டாவது கடையில் ஒரு கொக்கோக் காயை வெட்டி வைத்திருந்தார்கள். எனக்கு அது இன்றைக்கும் ஆச்சரியம். வெளியே பழுத்த பப்பாசியின் நிறம். உள்ளே அன்னமுன்னாப் பழம் போல வெள்ளைச் சதை, அதற்குள் விதைகள். அந்த விதைகளைப் புளிக்கவைத்துக் காயவைத்து வறுத்தால்தான் சொக்லேட் வரும் என்று கடைக்காரப் பையன் சொல்ல, மருமகள் எனக்குத் தமிழில் சொன்னாள். இத்தனை வருடமாக நான் சாப்பிடுவது ஒரு பழத்தின் விதை என்று எனக்கு அன்றுவரை தெரியாது. வறுத்த விதை ஒன்றைக் கடித்தேன். கோப்பிக் கொட்டை போலக் கசந்தது.

"அம்மா, இது சொக்லேட் இல்லை. விதை. இதைச் சாப்பிடலாம்."

"எனக்குச் சட்டம் படிப்பிக்காதை" என்றார் அக்கா. ஆனால் அந்த விதையை வாங்கி மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். நீண்ட நேரம் பிடித்திருந்தார். கண் மூடியிருந்தது. சுவரில் சாயவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கடைக்குள் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். இவ்வளவு விருப்பத்தை ஒரு ஆள் இவ்வளவு காலம் எங்கே வைத்திருந்தார்?

பிறகு விதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கால் உளையுது. எங்கையாவது இருப்பம்" என்றார்.

கபே சோஹோவில் ஒரு குறுகிய தெருவில் இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. கண்ணாடி எல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. மேசைக்கு மேசை நனைந்த கோட்டுகள். ஒரு பெண் சொக்லேட் கட்டியைக் கத்தியால் சீவி, கொதிக்கிற பாலில் கொட்டி, கம்பியால் அடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் மில்க் சொக்லேட் பவுடரைக் கரைத்துக் குடிக்கிறோமே, அப்படி இல்லை இது. கரண்டியைத் தூக்கினால் நாடா போல இறங்கியது. கூழ் பதம். மூன்று சின்னக் கோப்பைகள் வந்தன. மேலே பளபளவென்று ஒரு கறுப்பு. விளக்கு அதில் தெரிந்தது.

எனக்கு அதிகம் பேச வராது. இதற்குள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அன்றைக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று ஜெர்மனியில் இருந்தே நினைத்துக்கொண்டு வந்தேன்.

"அக்கா, எனக்குக் காய்ச்சல் வந்தது சொக்லேட்டாலை இல்லை. கிணத்துத் தண்ணியாலை."

"தெரியும்" என்றார் அக்கா.

"எப்பையிலை இருந்து?"

"அப்பையிலை இருந்துதான். டொக்டர் சொல்லேக்கை நானும் அங்கைதானே நிண்டனான். எனக்குக் காது இல்லையே?"

"அப்ப ஏன் பேசாமல் நிண்டனீங்கள்?"

"அம்மாவுக்கு அந்தக் கிணறு வேணும்." அக்கா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குளிர் போக்கினார். "அது போனா அவ தாங்கமாட்டா."

"சொக்லேட்டாலை வரேல்லை எண்டு தெரிஞ்சும், பிறகு ஏன் சொக்லேட்டை விட்டனீங்கள்?"

அக்கா என்னைப் பார்த்தார். சின்ன வயதில் எனக்குக் கணக்கு வராதபோது பார்க்கிற அதே பார்வை.

"வேறை என்னட்டை என்ன கிடந்தது குடுக்க? தோடு அம்மாவின்ரை. சட்டை அப்பா வாங்கித் தந்தது. எனக்கு எண்டு இருந்தது அந்த விருப்பம் ஒண்டுதான்."

மருமகள் வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். அக்கா குற்றத்துக்குத் தண்டனை அனுபவிக்கிறார் என்றே நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவர் என்னை விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்.

மருமகள்தான் கைபேசியைப் பார்த்து, "மாமா பிறந்த நேரம் தாண்டிப்போச்சு. அம்மா, இப்ப குடியுங்கோ. நான் வீடியோ எடுக்கிறன்" என்றாள்.

அக்கா கோப்பையைத் தூக்கினார். ஆவி அவருடைய முகத்தில் பட்டது. உதட்டுக்குக் கிட்டே போனது. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பிறகு கோப்பையை மெல்ல மேசையில் வைத்தார்.

"ஏலாது."

"ஏன் அம்மா?"

"காலமை கோயிலிலை திரும்பவும் கேட்டிட்டன்."

எனக்கு விளங்கவில்லை. "என்னத்தைக் கேட்டனீங்கள்?"

"உனக்கு எண்பது வருமட்டும். ஐம்பது எல்லாம் ஒரு வயசே? அப்ப சின்னப்பிள்ளை, கணக்குத் தெரியாமல் கேட்டிட்டன். நேற்று எயார்போட்டிலை நீ நடந்து வரேக்கை பாத்தன். தலை நரைச்சாலும் சின்னப் பெடியன் மாதிரித்தான் வந்தனி. இனிமேல்தானே உனக்கு நல்ல காலம்."

"அம்மா! சீரியஸா? மாமாட்டைக் கேட்டனீங்களே?"

"அவனிட்டை என்ன கேக்கிறது?"

"வேறை ஏதாவது விட்டிருக்கலாம்தானே? கத்தரிக்காயை விட்டிருக்கலாம்!"

"பழையதுதான் நல்லம். புதுசா ஒண்டைச் சொல்லிப் பிள்ளையாரைக் குழப்பக்கூடாது."

"மாமாக்கு எண்பது வரேக்கை உங்களுக்கு எண்பத்துநாலு. பல்லும் இராது."

"இதுக்குப் பல்லு என்னத்துக்கு? குடிக்கிற சாமான்தானே" என்றார் அக்கா.

மருமகளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அக்காவோடு நான் வாழ்க்கையில் கோபித்தது குறைவு.

"அப்ப நானும் விடுறன். நானும் இனித் தொடமாட்டன்" என்று என் கோப்பையைத் தள்ளினேன்.

"விசரே உனக்கு?" அக்காவின் குரல் உயர்ந்தது. "நீ விட்டா, நான் விட்டதிலை என்ன பிரியோசனம்? நீ இருந்து எல்லாத்தையும் சாப்பிடோணும் எண்டுதானே கேட்டனான்! சும்மா உயிரோடை கிடக்கிறதுக்கே?"

கோப்பையைத் தானே இழுத்து என் முன்னால் வைத்தார். பிறகு தன்னுடையதையும் அதற்குப் பக்கத்தில் வைத்தார்.

"குடி. ஆறுது."

நான் அக்காவின் கோப்பையை எடுத்தேன். அது நாக்கில் கனமாகப் படிந்தது. முதலில் கசப்பு, அதற்குப் பின்னால் வறுத்த வாசனை, எங்கோ அடியில் இனிப்பு. இந்த முறை அவசரமாக விழுங்கவில்லை. நாக்கில் வைத்திருந்தேன். அக்கா மேசையில் முழங்கையை ஊன்றி, குழந்தைக்குச் சோறு தீத்துகிற தாயைப் போல வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, என் வாயையே பார்த்திருந்தார். நான் விழுங்கியபோது அவருடைய தொண்டையும் ஏறி இறங்கியது.